உப்புத் தண்ணீரில் என் சிவப்பு

முதன்முதலாக ஒரு தீவில் கால் வைத்த அன்று நான் கடலையே பார்க்கவில்லை. கூட வந்தவர்களின் காலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூரில் ஆர்டர்கள் கொட்டிய நேரம். நான் ஒரு பனியன் கம்பெனியில் டையிங் மாஸ்டர். கடற்கரையில் போடுகிற டிஷர்ட் வேண்டுமென்று வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார். சிவப்புத் துணி, வெள்ளைக் காலர். உப்புத் தண்ணீரில் சாயம் இறங்கிக் காலரில் ஒட்டினால் ஆர்டர் கேன்சல். அந்தச் சிவப்பு நான் ஏற்றியது. அது போனால் என் பேரும் போகும்.

லேப் ரிப்போர்ட் வரவில்லை. முதலாளியோ ராமேஸ்வரம் பக்கம் கம்பெனி டூருக்கு பஸ் பேசி முடித்திருந்தார். "ரிப்போர்ட் எதுக்குங்க மாஸ்டரு? நாமளே கடல்ல நனைச்சுப் பாத்துப்போடலாங்க" என்று சாம்பிள் பீஸ்களை எல்லோருக்கும் கொடுத்து, பெண்களையும் சேலைக்கு மேலேயே போட வைத்துவிட்டார்.

படகு தீவுகளைச் சுற்றிக்கொண்டு போனது. டால்பின் துள்ளியது என்று படகே இரண்டுபட்டது. என் மனைவி தோளைப் பிடித்து உலுக்கி, "ஏனுங்க, அங்க பாருங்க!" என்றாள். நான் திரும்புவதற்குள் அது முங்கிவிட்டது. அலைத் துளி பட்ட அவள் காலர் வெள்ளையாகத்தான் இருந்தது.

தீவுக்கு முன்னால் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். "எறங்குங்க, இடுப்பளவு தண்ணிதான்." ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே இறங்கினோம். உள்ளங்காலுக்கடியில் மணல் நழுவியது. சேலையைச் சொருகிக்கொண்ட செக்கிங் பெண்கள் கூட்டமாக விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். கரையில் வெள்ளை மணலும் உடைந்த பவளப்பாறைகளும்தான். ஆள் கால்பட்ட தடமே இல்லை. நண்டுகள் சிதறி ஓட, பின்னாலேயே எங்கள் டெய்லர்களும் ஓடினார்கள். பாறைக் குழியில் ஒரு நட்சத்திர மீன் கிடக்கிறது என்று யாரோ கூவினார். எனக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் ஈரச் சட்டைகள் வெயிலில் காய வேண்டும், சாயம் இறங்கியதா இல்லையா என்பது காயும்போதுதான் தெரியும்.

புதருக்குள் போயிருந்த முதலாளி வெளியே வந்தார். அவர் காலர் ரோஸ் நிறத்தில் இருந்தது.

நேரே அவரிடம் போனேன். "காலருங்க..." என்றேன்.

"என்னாச்சுங்க மாஸ்டரு?" என்று அவர் வாயைத் திறந்தார். பல், நாக்கு எல்லாம் அதே ரோஸ். கையில் பாதி கடித்த சப்பாத்திக்கள்ளிப் பழம்!

"நம்ம காட்டு வேலியோரம் திங்கறதுதானுங்க. இங்கயும் காய்ச்சுக் கெடக்குது. வாய் தொடைக்கத் துண்டு இல்லீங்க, காலர்ல தொடைச்சுப்போட்டேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தினமும் நிறத்தோடு பிழைக்கிறவன், பழச்சாற்றுக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவர் காலரைத் திருப்பித் தையலோரம் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் ஒட்டுகிற இடம் பளிச்சென்று வெள்ளை. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஓடி ஓடிப் பார்த்தேன். காய்ந்த சட்டைகளில் ஒன்றில்கூட இறங்கவில்லை!

அப்படியே கடலுக்குள் ஓடினேன். சந்தோஷத்தில் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எதிரே முடிவே இல்லாமல் நீலம். முங்கினேன், எழுந்தேன், உப்புத் தண்ணீரைக் குடித்தேன், மறுபடியும் முங்கினேன்.

"சார் இப்பத்தான் கடலை மொத மொதல்ல பாக்காரோ?" என்று படகோட்டி என் மனைவியிடம் கேட்டார்.

"ஆமாங்க," என்றாள் அவள். "காலைல இருந்து எங்க கூடத்தான் வந்தாரு. இப்பத்தான் பாக்கறாருங்க."