நாலு கண் கூடை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் அத்தை, அதாவது என் மாமியார். அத்தையின் காலருகே என் மனைவி. பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சான், மனைவியின் அண்ணன். கையில் புதிதாக வாங்கிய செல்போன். வாசற்படியில் அக்கா, மச்சானின் மனைவி, செருப்பைக் கழற்றவில்லை. தரையில் நான், மடியில் பாதி பின்னிய வயர் கூடை.

அஸ்தினாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. ஐந்து பேர் என்றால் ஹவுஸ்புல்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கை வராது, வலது கால் வராது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல். “நாலு.” பசித்தால் நாலு. வலித்தால் நாலு. ஃபேனை நிறுத்தவும் நாலு. ராகம்தான் மாறும். நானும் பேச்சுக்காரன் இல்லை. பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். வீடு ஒரே கலகலப்பு.

நான் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டினவன். மனைவி தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை செக்கிங். அவளுக்கு பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு. எனக்குச் சனிக்கிழமைக் கூலி உண்டு. யார் வீட்டில் இருப்பது என்று பெரிய யோசனை எதுவும் நடக்கவில்லை.

கூடை பின்ன மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் படித்தாளாம். நான் ஐந்தாவதோடு நின்றவன், கூடை வரை போகவில்லை. முதல் கூடைக்கு ஸ்டீல் ஸ்கேல் வைத்து வயர் வெட்டினேன். நூலளவு பிசகவில்லை. பின்னி முடித்து வைத்தேன். சாய்ந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாபா, கூட தண்ணி போட்டுகினு கீதா?”

அப்புறம் நிமிர்ந்தது. எனக்கு வந்தது ஒரே முடிச்சு, சிவன் கண். முடிச்சுகளுக்கு நடுவில் கண் திறந்த மாதிரி இருக்கும். அதையே பின்னிப் பின்னி ஆணியில் மாட்டினேன். எட்டு சேர்ந்தது. எட்டும் ஆணியிலேயே இருந்தது.

அந்த எட்டைத்தான் மச்சான் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நீ லேத்துக்கே போ. பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஹோம் கீது. அம்மாவ சேத்துடலாம். நல்லா பாத்துக்குவாங்க.”

“அங்க யாருண்ணா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பிப் படுக்க வைப்பா?” என்றாள் மனைவி.

“இவுரு மட்டும் இன்னா, கூட பின்னிகினு எத்தினி நாளு குந்தினு இருப்பாரு? ஆம்பள.”

எழுந்து போகவும் முடியாது. மடியில் வேறு கூடை.

“சரி. மாசம் முப்பது கூட வித்துக் காட்டச் சொல்லு. அடுத்த மாசம் இதே ஞாயித்துக்கெழம வரேன். வித்தா அம்மா இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி ஹோம்.”

“நாலு,” என்றார் அத்தை. எந்த ராகம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர்கள் போனதும் ஆட்டோக்காரர் மனைவி ஒன்று வாங்கினாள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்டிருக்கும். அவள் அதை மாட்டிக்கொண்டு மார்க்கெட் போனபோது சர்ச் தெரு டீச்சர் பார்த்திருக்கிறார். மறுநாள் மழையில் குடையோடு வந்தார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சர்ச் பெண்கள் சங்கத்தில் எல்லோருக்கும் ஒரு பரிசு. இருபத்தைந்து கூடை, எல்லாம் இதே டிசைன். அட்வான்ஸும் கொடுத்தார்.

கையிருப்பு ஏழு. பதினெட்டு பின்ன வேண்டும். கஞ்சி ஊட்டுவேன், பின்னுவேன். துணி மாற்றுவேன், பின்னுவேன். அத்தையைத் திருப்புவேன், பின்னுவேன். ஒரு நாள் பவுடர் டப்பாவை அத்தை முதுகுக்குப் பதில் கூடைக்குத் தட்டினேன். மணமாக இருந்தது. அதையும் சேர்த்தே கட்டினேன்.

டீச்சர் எடுத்துப் போக வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். டீச்சர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“ரொம்ப நீட்டா இருக்குண்ணா. இந்த டிசைனுக்குப் பேர் என்ன? சங்கத்துல கேப்பாங்க.”

நான் வாய் திறப்பதே அபூர்வம். அன்றைக்குத் திறந்தேன்.

“சிவன் கண்ணு, டீச்சர்.”

டீச்சர் கூடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லண்ணா. சங்கத்துல பெரியவங்க இருக்காங்க. ஒரு மாதிரி நினைப்பாங்க. வேற பேர் இல்லையா?”

யோசித்தேன். லேத்தில் அரை இஞ்ச் போல்ட்டுக்கு அரை இஞ்ச் போல்ட் என்றுதான் பெயர்.

“இல்ல,” என்றேன்.

டீச்சர் குடையைக் கையில் எடுத்தார். இருபத்தைந்து கூடை சுவரோரம் அடுக்கியிருந்தது. எனக்குப் பெரும்பாக்கம் தெரிந்தது.

“நாலு,” என்றார் அத்தை.

“என்னம்மா?” என்றார் டீச்சர்.

“நாலு!”

டீச்சர் அத்தையைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். ஒரு கண்ணைச் சுற்றி விரல் வைத்து எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு... அட, ஆமா. நாலு மூலை.” முகம் மலர்ந்துவிட்டது. “நாலு சுவிசேஷம்! நாலு கண் கூடைன்னு சொல்லிடறேன். அம்மா எவ்வளவு கரெக்டா சொல்றாங்க பாருங்க!”

அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார் என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆட்டோ வந்தது, கூடைகள் போயின.

அப்புறம் அத்தையைத் திருப்பிப் படுக்க வைத்தேன். அவர் கேட்டது அதைத்தான். நேரம் தாண்டியிருந்தது.

பால் பூத்துக்காரர் ஒன்று வாங்கினார். கறிக்கடை பாய் இரண்டு வாங்கினார். பாய் பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எதைச் சொல்லித் தொலைத்திருப்பேனோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே ஐந்து பேர். கட்டில், நாற்காலி, வாசற்படி எல்லாம் அதே. அக்கா காலில் செருப்பும் அதே. வருகிற வழியில் காய் வாங்கியிருந்தார். கேரி பேக் கிழிந்து, கத்திரிக்காயை முந்தானையில் பிடித்திருந்தார்.

“எத்தினி போச்சு மாப்ள?”

பொய் சொல்லலாம். அதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும்.

“இருவத்தொம்போது.”

“ஒண்ணு கொறையுதே.”

மனைவி அத்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் செல்போனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அதில் யாரும் கூப்பிடவில்லை.

“அம்மா, நீ இன்னா சொல்ற?”

“நாலு.”

அக்கா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். ஆணியில் அன்று காலை மாட்டிய கூடையை எடுத்தார். கத்திரிக்காயை அதில் கொட்டினார், தோளில் மாட்டினார்.

“இது எனுக்கு. இன்னாத்துக்கு குந்திகினு கீற? எய்ந்து வா, பஸ் போய்டும்.”

மச்சான் எழுந்தார்.

அக்கா காசு கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முப்பது.