ஃபித்தாவின் உடுப்பில் ஏறிய சிவப்பு

ஃபித்தாவின் தையலைப் பற்றி ஃபித்தாவுக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நான் தச்ச ஒட்டகத்தை நெஜ ஒட்டகம் பாத்தா, கழுதைன்னு நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கும்" என்பாள். ஆனாலும் புருஷன் போனபின், கொழுந்தன் ஸ்வேலிம் வீட்டில் ஒண்டாமல் அவளும் மகளும் தனியே அடுப்பு மூட்டுவது, பெண்கள் சங்கம் வாங்கி விற்கும், ஒட்டகம் போட்ட அந்தத் தலையணை உறைகளால்தான்.

அந்தப் பாலைவனக் குடியில் கணவனை இழந்தவள் உடுப்பில் நீலப் பூவேலை. மறுமணத்துக்கு மனசிருந்தால் அதில் சிவப்பு ஏறும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஒருநாள் தன் உடுப்பின் கிழிந்த ஓரத்தைத் தைக்கும்போது நீல நூல் தீர்ந்துவிட்டது. கடைவரை நடக்கச் சோம்பல். உறைக்கு வாங்கிய சிவப்பு மீந்து கிடந்தது. 'கால்கிட்ட இருக்கறத எவன் பாக்கப்போறான்' என்று தைத்து, அதையே உடுத்திக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்தாள்.

மறுநாளே கிழவர் ஹாஜி முசல்லம் அவளைப் பெண் கேட்டு ஸ்வேலிம் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்வேலிம் ஊற்றிய காப்பியைத் தொடாமல் தரையில் வைத்தார். வந்த காரியம் பலித்தால்தான் குடிப்பார்; குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கே அவமானம்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குள் இருந்த ஃபித்தாவிடம் ஸ்வேலிம் வந்து கிசுகிசுத்தான்: "அண்ணி, நல்ல எடம். என்ன, விக்கறதுக்குத் தைக்கக் கூடாதாம். கௌரவக் கொறைச்சலாம்."

'அடி மூதேவி! நாலடி நடக்கச் சோம்பப்பட்டு ஒரு கெழவனையே வரவழைச்சிட்டியே!' என்று தன்னையே திட்டிக்கொண்ட ஃபித்தா, திரைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஹாஜி, அந்தச் சிவப்பு ஆசையில ஏறல, சோம்பல்ல ஏறுச்சு. நீல நூல் தீந்துபோச்சு. இப்பேர்ப்பட்ட சோம்பேறிய வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஸ்வேலிம் பல்லைக் கடித்தான். ஹாஜி தாடியைத் தடவினார்.

"அது சரிம்மா. கேட்டது கெடைக்காம நான் எப்படிக் காப்பி குடிக்கறது?"

"குடுக்கக் கூடியதாக் கேளுங்களேன்."

ஹாஜி இருமினார். "ஒட்டகம் போட்ட தலையணை உறை ஒண்ணு. வெலைக்குத்தான்."

"தந்தேன்!"

ஆறிப்போன காப்பியை அவர் ஒரே மடக்கில் குடித்தார்.

ஓரத்துச் சிவப்பைப் பிரித்தெடுத்து, அதே நூலில் ஃபித்தா அந்த ஒட்டகத்தைத் தைத்தாள். காது நீண்டுவிட்டதென்று பிரித்து, மறுபடி தைத்தாள். வேறெந்த உறைக்கும் அவள் அப்படி மெனக்கெட்டதில்லை. அப்படியும் கழுதைதான் வந்தது.