அம்மா திறந்த பிரெஞ்சு பாட்டில்

எண்பதுகளின் நடுப்பகுதி. போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு, ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து வந்தேன். எனக்கு அப்போது ஒரே வெறி, முனைவர் பட்டம். ஏலமலைப் பாதைகளில் தலைச்சுமையாகச் சரக்கு போன கதையை ஆராய வேண்டும். அதற்கு வழிகாட்டக்கூடியவர் ஒரே ஒரு பேராசிரியர்தான். அவரோ லேசில் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். எங்கள் துறைத்தலைவர் அவரைக் கல்லூரிக்குப் பேச அழைத்து, மறுநாள் மலைமேல் போடிமெட்டில் ஒரு நண்பரின் எஸ்டேட் பங்களாவில் மதிய விருந்துக்கும் ஏற்பாடு செய்தார். அங்கே வைத்து என் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்றார்.

துறைத்தலைவர் பட்டணத்துக்காரர். முள்கரண்டி பிடிப்பதைப் பார்த்தே ஆளை எடைபோடுவார். தேவாரம் என்ற ஊரில் கடலை பிடுங்கி வளர்ந்த எனக்கு அவர் முன்னால் காப்பி குடிக்கவே கூச்சம். உறிஞ்சுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று ஆறவிட்டுத்தான் குடிப்பேன். விருந்துக்கென்று, மைத்துனர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஒயின் பாட்டில் ஒன்றை அவர் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அவர் வீட்டில் முட்டைகூட ஏறாது. அதனால் இருபது நாள் முன்பே அதை என்னிடம் கொடுத்து, பத்திரம் பத்திரம் என்று நாலு தடவை சொன்னார். நானும் துணி அலமாரியில் வேட்டிகளுக்கு நடுவே படுக்க வைத்தேன்.

என் மனைவிக்கு அப்போதுதான் இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது. பார்த்துக்கொள்ள என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்.

விருந்தன்று காலையில் அலமாரியைத் திறந்தால் பாட்டிலைக் காணோம். தேடிப் பார்த்தால் அடுப்படியில், மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது! அடியில் இரண்டு விரற்கடைதான் மிச்சம். கார்க் உள்ளே மிதந்தது. அம்மா அகப்பைக் காம்பால் குத்தி உள்ளே தள்ளியிருக்கிறார்.

"ஏய்யா இந்தக் கத்து கத்துற? பிள்ள பெத்தவளுக்கு அரிஷ்டம் வாங்கி வச்சிட்டு, குடுக்க மறந்துட்டியேன்னு நாந்தேன் வேளைக்கு ரெண்டு கரண்டி வெந்நீர்ல ஊத்திக் குடுத்தேன். வைத்தியர் கடை பாட்டில்லயும் இதே திராட்சப் படந்தேன போட்டிருக்கு?"

"வரவர ஒரே புளிப்பு. மருந்துதானேன்னு கண்ண மூடி முழுங்கினேன்" என்றாள் கட்டிலில் இருந்த மனைவி.

அம்மாவை என்னவென்று திட்ட? பெண்டாட்டிக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறான் என்று மகனை மெச்சியிருக்கிறார். உண்மையில் நான் அவளுக்கு ஒரு சுக்குத் துண்டுகூட வாங்கிக் கொடுக்கவில்லை. அது வேறு சுருக்கென்று குத்தியது.

எஸ்டேட் ஜீப்பு வர அரை மணி நேரம்தான் இருந்தது. "இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குற. வெரசாப் போயி கடையில வாங்கி நெறச்சுக்க" என்றார் அம்மா. புத்தி கெட்டுப்போய் அப்படியே செய்தேன். வைத்தியசாலைக்கு ஓடி, திராட்சை அரிஷ்டம் வாங்கிவந்து பாட்டிலை நிரப்பி, வாயில் துணியைத் திணித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பங்களாவில் இறங்கியதும் முதல் வேலையாக, யார் கண்ணிலும் படாமல் ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிவிட்டேன்.

துறைத்தலைவர் புருவத்தைத் தூக்கினார். காற்றுப் பட்டால்தான் வாசம் எழும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "ஆமாமா, அதான் முறை" என்று அவரே பேராசிரியருக்கு விளக்கினார். பிறகு ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான் சார். அந்த ஊரு மண்ணே நாக்குல தெரியுது" என்றார். எனக்கோ அறை முழுக்கக் கிராம்பும் திப்பிலியும் மணப்பதாகவே பட்டது. பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். கூஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை கிளாசை நீட்டினார்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். அதைவிட, இந்தப் பொய்யோடு போய் இவரிடம் எப்படி வருடக்கணக்கில் படிப்பது? கை கழுவ எழுந்தவர் பின்னாலேயே போய், குழாயடியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என்னைச் சேத்துக்கலேன்னாலும் பரவாயில்லய்யா. எங்க சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, மனசு ஒடிஞ்சிருவாரு" என்றேன்.

பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மொத மடக்குலயே தெரிஞ்சுபோச்சுய்யா. எங்காத்தா ஆறு பிள்ள பெத்தவ. அவளுக்கு வாங்குற அரிஷ்டத்தத் திருடிக் குடிச்சு வளந்தவன் நான். இருபது வருஷமா இந்த மாதிரி விருந்துல ஒயின வாயில வச்சுக்கிட்டு, பிரமாதம் பிரமாதம்னு பொய் சொல்லிட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் பிடிச்சுக் குடிச்சேன்." பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "வீட்டுல பிள்ளையும் தாயும் சொகமா இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜூன் மாதம் விண்ணப்பத்தோடு வரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் மூன்றாவது கிளாசும் வாங்கிக்கொண்டார்.

அவரிடமே பட்டம் வாங்கினேன். துறைத்தலைவர் ஓய்வு பெறும்வரை அந்த ஒயினின் ருசியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. நாலு பேர் முன்னால் பட்டிக்காட்டானாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பயம் பேராசிரியருக்கே இருந்தது என்றால், துறைத்தலைவருக்கு மட்டும் இருக்காதா? இப்போதெல்லாம் பெரிய சபைகளில் யாராவது எதையாவது ஆகா ஓகோ என்று புகழும்போது எனக்குக் கூச்சமும் வருவதில்லை, எரிச்சலும் வருவதில்லை. பாவம், இவர் யாருக்குப் பயந்து இதைச் சொல்கிறாரோ என்றுதான் தோன்றுகிறது.