இதோ, பக்கத்தில்தான்

மொராக்கோவில், ஸாக்ரோ மலையிலிருந்து பாலைவன மணல்மேடுகள் வரை ஆறு நாள் சைக்கிள் பயணம். பதினாறு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் மிதித்து வழிகாட்டுகிறவன் ஹம்மூ. அந்தத் தடத்தில் எந்த வளைவில் முள் கிடக்கும், எந்த ஓடையில் மணல் சக்கரத்தைப் பிடிக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றே ஒன்றுதான் வராது. இன்னும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், எண்ணைச் சொல்ல அவனுக்கு வாய் வராது.

அதற்கு அவனைக் கோபித்து என்ன செய்ய? ஆட்டு மந்தையோடு மலைக்கும் சமவெளிக்குமாக அலைந்த குடும்பம். எங்கள் பக்கத்தில், நடந்து களைத்தவன் தூரம் கேட்டால் "இதோ, பக்கத்தில்தான்" என்று சொல்வதுதான் மரியாதை. ஒரு பகல் நடை பாக்கி இருந்தாலும் அதுதான் பதில். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அவன் கேட்பது தூரத்தையா? இல்லை, கொஞ்சம் தெம்பை. அவனிடம் போய் எண்ணைச் சொல்வது, முதுகில் இருக்கிற மூட்டையோடு இன்னொரு கல்லையும் ஏற்றுகிற வேலை.

இதை ஜெர்மனியில் கணக்கு டீச்சராக இருக்கும் உல்ரிகே அம்மாளுக்கு யார் எடுத்துச் சொல்வது? போன வருஷம் வந்துவிட்டுப் போனவள் கம்பெனிக்கு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாள். "உங்கள் வழிகாட்டி எங்களிடம் பதினோரு முறை பொய் சொன்னார். எண்ணி வைத்திருக்கிறேன். பக்கத்தில்தான் என்று அவர் சொன்ன ஊர் இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது." அதற்கு முந்தின வருஷமும் வேறு யாரோ இதே புகாரை எழுதியிருந்தார்கள்.

மராகேஷிலிருந்து முதலாளி ஷகீப் போனில் பிடித்துக்கொண்டான்.

"இதோட ரெண்டாச்சு ஹம்மூ. மூணாவது புகார் வந்துச்சு, சைக்கிளை விட்டு இறங்கி சாப்பாட்டு லாரியை ஓட்டு. முன்னாடி போக நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"முதலாளி, அது பொய்யில்லைங்க, எங்க ஊர்ப் பக்கம்..."

"ஊர்க்கதையெல்லாம் வேணாம். கிலோமீட்டரைச் சொல்லுய்யா! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

ஹம்மூவையா லாரியில் ஏற்றுவது? பத்தொன்பது வயதில், யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் சக்கரம் கோணிப்போனதால் விட்டுப்போன சைக்கிளைத் தட்டி நிமிர்த்தி, முழங்காலெல்லாம் சிராய்த்துக் கற்றுக்கொண்டவன். ஆடு மேய்த்தபோது ஒரு நாளும் கிடைக்காத பெயர் அவனுக்குச் சைக்கிளில்தான் கிடைத்தது. லாரி என்பது எல்லாருக்கும் கடைசியில், எல்லாருடைய புழுதியையும் தின்றுகொண்டு ஊர்ந்து வருவது. அதில் உட்காருவதை நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வசந்தத்தில் வந்தவர்கள் ஐந்து பேர். வேனிலிருந்து முதலில் இறங்கியது யார் என்கிறீர்கள்? உல்ரிகே அம்மாளேதான். சைக்கிளின் கைப்பிடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கிலோமீட்டர் மீட்டர் வேறு.

"திரும்ப வந்துட்டேன் ஹம்மூ. இந்த வாட்டி உண்மையைச் சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேம்மா," என்றான். வேறு என்ன சொல்வான்?

மூன்று நாள் கசப்பு மருந்து விழுங்குகிற மாதிரி காலையில் எண்ணைச் சொன்னான். "இன்னைக்கு அறுபத்திரெண்டு." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நிற்கும். முந்தின நாள் வலி அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி ஆளாளுக்குத் தொடையைப் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். உல்ரிகே மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு தலையாட்டுவாள்.

லாரி ஓட்டி, சமைக்கவும் செய்கிற ஸாயித், ஹம்மூவின் மனைவிக்குத் தம்பி. அவனுக்கு இது ஒரே வேடிக்கை.

"மச்சான், நீங்க வாயைத் தொறந்தாலே எல்லார் மூஞ்சியும் செத்துப்போகுது. காலையில டீக்குப் பதிலா கஷாயம் போட்டுரட்டுமா?"

"எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தாதடா."

நாலாம் நாள்தான் சோதனை. அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஒரே சமவெளி, ஒதுங்க ஒரு பாறை கிடையாது. முப்பத்தேழாவது கிலோமீட்டரில் ஒற்றை வேலமரத்தடியில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கிழக்கிலிருந்து அனல்காற்று கிளம்பிவிட்டது. அவர்கள் போகவேண்டியதும் கிழக்கேதான். பாதையோ அலையலையாக எழும்பி, உட்காருகிற இடத்தைப் பதம்பார்த்துக்கொண்டிருந்தது.

அரைமணி நேரம் மிதித்திருப்பார்கள். நான்கு கிலோமீட்டர்தான் தாண்டியிருந்தார்கள். கஸ்தோன் என்கிற பெல்ஜியக்காரர் பக்கத்தில் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், அறுபத்தாறு வயது. மூன்று நாளும் வாயைத் திறக்காமல் எல்லாருக்கும் முன்னால் மிதித்தவர்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

ஹம்மூவின் நாக்கு நுனியில் அந்தப் பழைய பதில் வந்து நின்றது. பின்னால் உல்ரிகே வந்துகொண்டிருந்தாள். லாரியும் வந்துகொண்டிருந்தது.

"இருபத்தேழு," என்றான்.

கஸ்தோன் பிரேக் பிடித்தார். சைக்கிளை மெதுவாக மண்ணில் சாய்த்தார். "முடியாதுப்பா," என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரே உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் நிற்பார்களா? ஒருவர், இருவர் என்று மூன்று பேரும் இறங்கினார்கள். நான்கு சைக்கிளையும் ஸாயித் லாரியின் மேல் ஏற்றிக் கட்டினான். அன்றைக்கு அவன் கிண்டல் பண்ணவில்லை.

ஏறும்போது கஸ்தோன் திரும்பினார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் மிதிச்சிருப்பேன்." ஹம்மூவுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மிச்சம் உல்ரிகேயும் அவனும். அவள் வைராக்கியக்காரி, அதை மறுக்கமுடியாது. காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள், தள்ளினாள், மறுபடி மிதித்தாள். ரொம்ப நேரம் கழித்து முகத்துத் துணியை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"எவ்வளவு?"

"பதினாலு."

இன்னும் கொஞ்சம் போனபின் அவளே நின்றுவிட்டாள். உதடு வெடித்திருந்தது.

"ஹம்மூ, போன வருஷம் சொன்னீங்களே, அதைச் சொல்லுங்களேன்."

ஹம்மூவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைச் சொன்னதற்குத்தானே இரண்டு பக்கம் எழுதினாய், மகராசி! விழுங்கிக்கொண்டு சொன்னான்: "இதோ, பக்கத்துலதான்."

அவள் கண் தன்னையறியாமல் மீட்டருக்குப் போனது. மனசுக்குள் கழித்துப் பார்த்து, "பன்னெண்டு புள்ளி நாலு பாக்கி," என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். எண்ணைத் தெரிந்துகொண்டவளிடம் அந்தச் சொல் என்ன பண்ணும்? அவன் அவளுக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துக்கொண்டு மிதித்தான். பொழுது சாயும்போது கூடாரத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

பயணம் முடிந்து பத்து நாள் கழித்து ஷகீப் கூப்பிட்டான்.

"அந்த ஜெர்மன்காரம்மா எழுதியிருக்காங்க. நீ சொன்ன தூரமெல்லாம் சரியாம். பொய்யே இல்லையாம்."

"அப்பாடா! அல்லா காப்பாத்தினான்."

"இரு, இரு. பெல்ஜியத்துக் கிழவரும் எழுதியிருக்காரு. வழிகாட்டி எங்க மனசை உடைச்சுட்டாருன்னு. அஞ்சு பேருல நாலு பேரு லாரியில ஏறினா அது என்னய்யா சைக்கிள் பயணம்? இது மூணாவது."

"நீங்க சொல்லச் சொன்னதைத்தானே முதலாளி சொன்னேன்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

பேரீச்சை அறுப்பு முடிந்த கையோடு அடுத்த குழு வந்தது. முன்னால் மராகேஷிலிருந்து வந்த புது வழிகாட்டி, கையில் பாதை காட்டும் கருவி. கடைசியில் லாரி, அதை ஓட்டுவது ஹம்மூ. சமையல் மட்டும் என்று ஆகிப்போன ஸாயித் பக்கத்தில் சங்கடமாக உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள், அதே சமவெளி, அதே காற்று. எல்லாருக்கும் பின்னால் தங்கிப்போன இத்தாலியப் பெண் ஒருத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"அண்ணா, இன்னும் எவ்வளவு தூரம்? முன்னாடி போறவர்கிட்ட கேக்கவே பயமா இருக்கு."

அவள் கைப்பிடியில் மீட்டர் எதுவும் இல்லை. ஸாயித் பதில் சொல்ல வாயெடுத்தான். ஹம்மூ அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினான். இன்னொரு புகார் வந்தால் இந்த லாரியும் போய்விடும், அது அவனுக்குத் தெரியாதா?

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, லாரியின் மீட்டர் மேல் போட்டு மூடினான்.

"இதோ, பக்கத்துலதாம்மா."

அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சிரித்தாள். ஏறி மிதித்தாள்.

"மச்சான், இருபத்தெட்டு பாக்கி!"

"தெரியும்டா. வாயை மூடு."

கூடாரம் தெரிகிறவரை அவள் இறங்கவே இல்லை. அவளுக்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு போயிருக்க வேண்டியவன், முதல் கியரில், அவள் புழுதியைத் தின்றுகொண்டு பின்னாலேயே போனான்.