திறந்தே இருக்க வேண்டிய குழாய்கள்

டென்மார்க்கின் கோல்டிங்கில் எங்கள் வீட்டு வாசலில் ஓட்டோகேம்பர் வந்து நின்ற நாளிலிருந்து சனங்களுக்கு வாய் ஓயவில்லை. "நல்ல வீடு இருக்க, றோட்டில கொண்டுபோய்ச் சமைச்சுத் தின்னப் போறியளோ?" என்று கோயிலில் ஒரு அக்கா கேட்டார். ஓம் என்றேன். கட்டிலும் அடுப்பும் குளிக்கும் அறையும் உள்ள அந்தப் பழைய வண்டியை வாங்கியது என் பிடிவாதம். அதை ஓட்டுவதும் நான்தான். கிழமை முழுவதும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கும் இந்தக் கைகள் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது எனக்கு வருகிற பெருமையை, கெப்பரை, நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

முதல் வருடக் குளிரில்தான் மானம் போனது. உறைபனி தொடங்குமுன் வண்டியிலுள்ள தண்ணீரையெல்லாம் இறக்கிவிட வேண்டும். என் கணவர் இறக்கினார். இறக்கிவிட்டு, பொறுப்பான மனிதராக, ஒவ்வொரு குழாயையும் இறுக்கிப் பூட்டிவிட்டு வந்தார். குழாயைத் திறந்துவிட்டால் வீட்டில் இலட்சுமி தங்கமாட்டாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பூட்டிய குழாய்களுக்குள் அகப்பட்ட கொஞ்சத் தண்ணீர் உறைந்தது. ஏப்ரலில் போய்த் தண்ணீரை விட்டபோது குளிக்கும் அறையின் சவர்க் குழாய் வெடித்திருந்தது தெரிந்தது. நிலமெல்லாம் ஊறிப்போயிற்று.

"இன்னொருக்கா வெடிச்சால் விக்கிறதுதான்" என்றார் அவர்.

"இந்த முறை நான் செய்யிறன். நீங்கள் கை வையாதேங்கோ."

சவாலை விட்டாயிற்று. வண்டி போய்விட்டால் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருளும் போய்விடும். வண்டியோடு வந்த டெனிஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தேன். முழுதாய் வாசித்து, செய்ய வேண்டியவற்றைத் தமிழில் எழுதி, வண்டியின் அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். குளிர்ப்பெட்டிக் கதவு திறந்திருக்க வேண்டும். அலுமாரிகள் திறந்திருக்க வேண்டும். குழாய்கள் எல்லாம் திறந்து, பிடி சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் நிற்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வீட்டில் எல்லாவற்றையும் பூட்டித் திரிந்த எனக்கு இது தலைகீழ்ப் பாடம்.

ஒக்டோபரில் தொட்டிகளைக் காலியாக்கினேன். மெத்தைகளை நிமிர்த்தி வைத்தேன். அரிசியையும் கறித்தூளையும் வீட்டுக்குள் எடுத்தேன். பிறகு ஊருக்கு வெளியே வயல் செய்யும் ஒரு கமக்காரர் குளிர்காலத்துக்கு வண்டிகளை நிறுத்த வாடகைக்கு விடும் பெரிய கொட்டகைக்கு வண்டியை ஓட்டிப்போய், அவர் காட்டிய மூலையில் ஒரு தரத்திலேயே நிறுத்தினேன். கமக்காரர் பெருவிரலை உயர்த்தினார். கடைசியாகக் குளிக்கும் அறையைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினேன்.

அப்போதுதான் என் கணவர், "தொப்பியை விட்டிட்டன்" என்று உள்ளே ஏறினார். ஐந்து நிமிடம் கழித்து வெறுந்தலையோடு வந்தார்.

"எங்கை தொப்பி?"

"அங்கை இல்லை."

குழாய்களைப் பூட்டத்தான் ஏறியிருப்பாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை. அவர் இறங்கியதுமே எங்கள் வண்டிக் கதவை மறைத்து அடுத்த வண்டியை ஒட்டி நிறுத்தியாயிற்று. இனி ஏப்ரலில்தான் கொட்டகைக் கதவைத் திறப்பார்கள்.

கண்ணாடியில் பனி பிடித்த ஒவ்வொரு காலையும் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ, பைப்பைப் பூட்டினனீங்களே?"

"நான் ஒண்டையும் பூட்டேல்லை."

நான் நம்பவில்லை. அவர் தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்.

ஏப்ரலில் கதவு திறந்ததும் நான்தான் முதலில் ஏறினேன். நேரே குளிக்கும் அறைக்குப் போனேன். குழாய்ப் பிடி நடுவில், திறந்தபடி நின்றது. பக்கத்துக் கொளுக்கியில் அவருடைய தொப்பி தொங்கியது.

"இதுக்கை என்ன செய்தனீங்கள்?"

"முதல்ல தண்ணியை விடு."

வண்டியை முற்றத்துக்கு எடுத்து, குழாய்களைப் பூட்டி, தொட்டியை நிரப்பினேன். ஒவ்வொரு பொருத்துக்குக் கீழும் சமையலறைக் கடதாசியை விரித்து, பம்பைப் போட்டேன். குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தபோது இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. அரை மணி நேரம் கழித்துக் கடதாசிகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தபடி. சந்தோசத்தில் கத்தியேவிட்டேன். கமக்காரர் எட்டிப்பார்த்து என்னவென்று கேட்டார். என் கணவர் என்னைக் காட்டி, எல்லாம் இவள் செய்தது என்று டெனிஷில் சொன்னார். பெருமையில் எனக்குத் தலை வண்டிக் கூரையில் முட்டுவதுபோல் இருந்தது.

வீட்டுக்கு ஓட்டி வரும்போது திரும்பக் கேட்டேன்.

"நீ சவரைத் துடைச்சுப்போட்டு, பழக்கத்தில பூட்டிப்போட்டு வந்திட்டாய். தொப்பியை எடுக்க ஏறினபோதுதான் கண்டனான். கையில எடுத்த தொப்பியைக் கொழுவிப்போட்டு, குனிஞ்சு திறந்துவிட்டனான். திரும்ப அதை எடுக்க மறந்துபோனன்; எங்கை எண்டு சொன்னால் கதை வருமெண்டுதான் இல்லையெண்டனான்."

வேகத்தைக் குறைத்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க இந்த மனிசனைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"அவ்வளவும் நீ செய்த வேலை. ஒரு பைப்பைச் சொல்லி அதைக் கெடுக்கோணுமே?"

வண்டி என்னுடையதாகவே இருக்கிறது. கோயிலில் அந்த அக்காவுக்கு என் கெட்டித்தனத்தைச் சொல்லும்போது தொப்பிக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அலுமாரிக் கதவிலுள்ள பட்டியலின் அடியில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: நான் இறங்கிய பிறகு, அவர் ஒருக்கா ஏறிப் பார்க்க வேண்டும்.