வீட்டில் பேச்சு நின்ற வருடம்

புது டையின் எலாஸ்டிக் கழுத்தை அறுத்த எரிச்சலோடுதான் என் மூன்றாம் வகுப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. வியர்வை பட்டால் அந்த இடம் மேலும் எரியும்; திருவொற்றியூரில் வியர்க்காத நாள் ஏது? காலர் பொத்தானைப் போட்டுவிட்டு, என்னைச் சற்றுத் தள்ளி நிறுத்தி அழகு பார்த்த அம்மா, "கலெக்டரம்மா கணக்கா கீறே" என்றாள். வாசலில் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நைனா அதைக் கேட்டுச் சிரித்தார். அதுவரை பக்கத்துத் தெரு கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழில் படித்துக்கொண்டிருந்த என்னை, அந்த ஜூன் மாதம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் அம்மாதான். துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஆர்டர் கொடுக்கிறவர்கள் வந்து அவள் தைத்த சட்டையைக் கையில் எடுத்து ஏதாவது கேட்டால், பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் பெண் இங்கிலீஷில் பதில் சொல்லுவாளாம். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். "தெச்சது நானு, பேசறது அவ. என் பொண்ணும் என்ன மாரி வாய மூடிகினு நிக்கக் கூடாது" என்று நைனாவிடம் சொல்லிச் சொல்லியே அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு நிற்பது வெளியில்தான். வீட்டில் அம்மாவின் வாய் ஓயாது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கி இன்னா ஆச்சி தெர்மா" என்று தொடங்கிவிடுவாள். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்ட கிழவர், மிஷினில் தூங்கி வழிந்து தன் துப்பட்டாவையே சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்ட பெண், மேனேஜரின் நடை என்று எல்லாவற்றையும் குரலை மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவாள். அவள் மீன் கழுவும் சட்டிக்குப் பக்கத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி இறக்கிவிட்டு மத்தியானமே திரும்பிவிடும் நைனா, "ஒரு பார் ஐஸ நாலா ஒட்ச்சி, ஒரு பொட்டிக்கி ரெண்டு துண்டு போட்டா எத்தினி பொட்டி ரொம்பும்?" என்று மடக்குவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொல்வது என் வேலை. இவையெல்லாம்தான் என் படிப்பு என்பது அப்போது எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

புதுப் பள்ளியில் எனக்குப் புரிந்த ஒரே சொல் என் பெயர். மிஸ் பொல்லாதவர் இல்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என் ஒருத்திக்காக நிற்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். தமிழில் பேசினால் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும் என்பதால் நான் பேசுவதை விட்டேன். கார்ப்பரேஷன் பள்ளியில் பாடத்தை உரக்க வாசிக்க முதலில் கை தூக்கிய நான், இங்கே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்து இருப்பவள் தாளைத் திருப்பும்போது கூடவே திருப்பினேன்.

முதல் பரீட்சை முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அம்மா அரைநாள் லீவு போட்டாள். நைனா பண்டிகைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள்; உள்ளே நடந்தது பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "வீட்ல பொண்ணுகிட்ட என்ன பாஷைல பேசுறீங்க?" என்று மிஸ் கேட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தமிழ்தாங்க மிஸ்" என்றார் நைனா, எதையோ திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவரைப் போல.

"அதான் அவளுக்கு வரல. இனிமே இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க. வீட்ல தமிழே கூடாது. பேரன்ட்ஸ் நீங்க சப்போர்ட் பண்ணாதான் நாங்க எதுவும் செய்ய முடியும்."

"செய்றோம் மிஸ்."

அவர்கள் அதை அப்படியே செய்தார்கள். இங்கிலீஷ் தெரியாத இரண்டு பேர், பெண்ணிடம் தமிழில் பேசக் கூடாது என்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவிடம் சில சொற்கள் இருந்தன: "கம்", "ஈட்", "பாத்", "ஸ்லீப்", "வாட்". காலையில் ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று அவற்றை எடுத்துச் செலவழித்தாள். நைனாவிடம் அவையும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, என் தலையில் கையை வைத்து, எதையோ கேட்க வாயைத் திறந்து, பின் மூடிக்கொள்வார். தமிழ் டிவி நின்றது. ஒரு இங்கிலீஷ் செய்திச் சேனலில் கோட்டுப் போட்ட ஒருவர் எங்கள் மூவரிடமும் கோபமாகப் பேசிக்கொண்டே இருந்தார். அம்மாவும் நைனாவும் தங்களுக்குள் பேச வேண்டியதை வெளியே சந்தில் நின்று பேசினார்கள். ஒரு நாள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சிரிக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அம்மா பாதியில் நிறுத்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு விவரம் யாரும் சொல்லவில்லை. நான் பரீட்சையில் தேறாததால் அவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நான் புரிந்துகொண்டேன்.

பள்ளியில் பேச இங்கிலீஷ் இல்லை, வீட்டில் பேச ஆள் இல்லை. மழைக்காலம் வந்தபோது நான் எங்குமே பேசாதவள் ஆகியிருந்தேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு போனபோது அங்கே சுருண்டு கிடக்கும் இரும்புச் சீவல் ஒன்று என் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துகொண்டது. நொண்டிக்கொண்டு வந்த என்னை அம்மா "வாட்?" என்று கேட்டாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. கேட்க வேறு சொல் அவளிடம் இல்லை. வகுப்பில் எல்லோரும் சொல்லிக் கேட்ட ஒரு சொல் என்னிடம் இருந்தது. "நத்திங்" என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. மகள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டாள்.

காலுறைக்குள் அந்தக் காலை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தேன். ஒரு காலையில் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. நைனா என்னை வண்டியில், ஐஸ் மூடும் தார்ப்பாயின் மேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குதிகால் கறுத்து வீங்கியிருந்ததைப் பார்த்த டாக்டர், "எப்பம்மா குத்துச்சு? என்ன குத்துச்சு?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கொழந்த பேசாதா?"

"பேசும் சார். நல்லா பேசும்" என்ற அம்மா என் பக்கம் குனிந்தாள். "சொல்லு கண்ணு. தமிழ்லயே சொல்லு."

வாயைத் திறந்தேன். இரும்பு, பட்டறை, மழை என்று எல்லாச் சொற்களும் எனக்குத் தெரிந்திருந்தன. ஒன்றுகூடத் தொண்டையைத் தாண்டி வரவில்லை. அம்மா இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மிஸ் இங்க இல்லம்மா. யாரும் திட்ட மாட்டாங்கோ. ஒரு வார்த்த பேசு" என்று கெஞ்சினாள். நைனா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் என் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்பதை, பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டர் என் எதிரிலேயே சொன்னார்.

கால் பிழைத்தது. என்னைத் திரும்பவும் கார்ப்பரேஷன் பள்ளியிலேயே சேர்த்தார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா தினமும் எனக்கு முன்னால் உட்கார்ந்து ஏதாவது சொல்லத் தொடங்குவாள். நான் தலையை மட்டும் ஆட்டுவதைப் பார்த்துப் பாதியில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். மறுபடி வெயில் காலம் வந்த பிறகு, சத்துணவு வரிசையில் முந்த வந்த ஒருத்தியைப் பார்த்து "தள்ளுடி" என்று கத்தினேன். அதுதான் முதல் சொல். அதைக் கேட்கும் இடத்தில் அம்மா இல்லை. டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

இன்று நான் ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் நாள் முழுவதும் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறேன். பின்னால் பெரிய வகுப்புகளில், தமிழில் விளக்கிச் சொன்ன ஆசிரியர்களிடம் நிதானமாகக் கற்ற இங்கிலீஷ் அது. என் மகள் ஒன்றாம் வகுப்பு. சென்ற மாதம் அவள் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசும்படி எல்லோரிடமும் சொன்னார்கள். எனக்கு அடுத்த நாற்காலியில் கன்டெய்னர் யார்டு சீருடையோடு இருந்த ஒருவர் வேகமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் அவரிடம், "அண்ணா, கொழந்தகிட்ட தமிழ்லயே பேசுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க" என்றேன். அவர் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் கீது மேடம், சொல்றீங்கோ. எங்களுக்கு இத்த வுட்டா வேற வழி இன்னா கீது?"

நான் நடந்ததைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மகனைத் தூக்கி பைக்கின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் சந்து இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது பட்டறையோடு சேர்ந்து போய்விட்டது. அம்மாவின் கம்பெனியும் மூடிவிட்டது. பெற்றோர் கூட்டம் முடிந்து அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், என்னோடு பேசாமல் இருந்த அந்த மாதங்களில் கம்பெனியில் என்னவெல்லாம் நடந்தது, இப்போதாவது சொல்லு என்று கேட்டேன்.

"ஒண்ணும் நெனப்பு இல்லம்மா. அன்னன்னிக்கி உங்கிட்ட சொல்லியிருந்தா நெனப்புல நின்னுருக்கும்" என்றாள்.