இன்பமணியின் சுபாவக் குறிப்பு

சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி அய்யாக்குட்டியின் மகள் இன்பமணி, 1942 ஜூன் மாதம் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் சேர்ந்தாள். வயது பன்னிரண்டு. முதல் வாரம் முழுவதும் அழுதாள். விடுதி ஏட்டில் ‘சுபாவம்’ என்றொரு பத்தி உண்டு. அதில் அவள் பெயருக்கு நேரே, ‘கோழை, அழும் இயல்பினள்’ என்று எழுதினார்கள். சேர்ந்த மாதம் எழுதும் அக்குறிப்பை ஆண்டுதோறும் புதிய ஏட்டில் அப்படியே பெயர்த்து எழுதுவது அங்கு வழக்கம். ஆளைப் பார்த்து மறுபடி எவரும் எழுதியதில்லை.

மூத்த மாணவி செல்லக்கனி அவளை விடவில்லை. பாயை நனைத்துப் போட்டாள். சாப்பாட்டு வரிசையில் கடைசிக்குத் தள்ளினாள்.

“ஏளா, உன் கண்ணீரப் பாத்தியில விட்டா உப்பு விளையும்” என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

முறையிட்டபோது விடுதித் தலைவி ஏட்டைத் திறந்து காட்டி, பிறவிக் குணத்துக்கு மருந்தில்லை என்றார். இன்பமணி அதை நம்பினாள். சோறு குறைந்தது, பேச்சு நின்றது. விடிந்தால் எழ மனமில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில், படிப்பை நிறுத்தி அழைத்துப்போகுமாறு தந்தைக்குக் கடிதம் எழுதினாள்.

அவர் வருவதற்குள் ஏடு பெயர்க்கும் வேலை வந்தது. கையெழுத்து நன்றாயிருந்ததால் அவளிடம் கொடுத்தார்கள். செல்லக்கனியின் வரியில் பேனா நின்றது: ‘மிகுந்த அச்சமுள்ளவள், அடிக்கடி அழுபவள்.’ பழைய ஏடுகளையும் எடுத்துப் புரட்டினாள்; ஐந்தாண்டு ஏடுகளிலும் அதே சொற்கள்.

மாலையில் கிணற்றடியில் செல்லக்கனி தனியே நின்றாள்.

“அக்கா, நீங்களும் அழுதீயளா?”

செல்லக்கனி வாளியைக் கீழே வைத்தாள். ஏட்டில் கண்டதை இன்பமணி சொன்னாள்.

“ஒரு வருசம் அழுதேன். அடுத்த வருசம் வேற ஒருத்தி வந்தா. அவள அழ வச்சேன். என்னைய விட்டுட்டாவ.”

மன்னிப்பு எதுவும் கேட்காமல் வாளியோடு போய்விட்டாள். ஆயினும் இன்பமணிக்கு ஒன்று தெளிந்தது: செல்லக்கனி மாறிய பிறகும் ஏடு மாறவில்லை, தன்னைப் பற்றிய வரியும் அத்தகையதே.

மறுநாள் அய்யாக்குட்டி வந்து பெட்டியைத் தூக்கினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இருந்து பாக்குதேன், அப்பா.”

சோர்வு உடனே தீரவில்லை. சோறு இறங்காத நாள்கள் அடுத்த ஆண்டிலும் இருந்தன. அந்நாள்களிலும் வகுப்புக்குப் போனாள். செல்லக்கனி எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கும் பழக்கம் போக மேலும் ஆறு மாதம் பிடித்தது.